வண்டுக்காரனின் நாலு வண்டு

நாய் வளர்க்கிறவனை ஊர் ஒன்றும் சொல்வதில்லை. அது கடித்தாலும் "நாய்தானே" என்று விட்டுவிடுகிறது. கிளி வளர்க்கிறவனைக் கொண்டாடவே செய்கிறது. வண்டு வளர்க்கிறேன் என்று ஒருத்தன் சொல்லிப் பார்க்கட்டும். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் "பொன்வண்டா? தீப்பெட்டிக்குள்ளயா?" என்று கேட்பார்கள். கரப்பானைப் பிடித்துக் கிழித்துத் தின்கிற வண்டு என்று தெரிந்ததும் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொள்வார்கள். நம் லிப்ட் மெக்கானிக்கைப் பார்த்து இப்படிப் பின்னால் போன நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் ஒரு பொதுக்கூட்டமே நடத்தலாம்.

அவனுக்கு வயது முப்பத்தெட்டு. அக்கா வீட்டு மாடியில் ஒரே ஒரு அறை. அதில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, சுவரோரமாக நாலு கண்ணாடிப் பெட்டி. அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் அதைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்க முடியும். தெருமுனை டீக்கடையிலிருந்து கம்பெனி ஆபீஸ் வரைக்கும் எல்லோருக்கும் அவன் வண்டுக்காரன். அவனுக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது, கொஞ்சம் பெருமைகூட.

வண்டு என்றால் சும்மா வண்டு இல்லை. கட்டைவிரல் நீளம், கன்னங்கரேல் என்ற உடம்பு, முதுகில் பகடையில் ஆறு விழுந்த மாதிரி ஆறு வெள்ளைப் புள்ளி, முன்னால் கத்தரிக்கோல் தாடை. பறக்காது. கண்ணாடியில் ஏறத் தெரியாது. ஆனால் தரையில் விட்டால் ஓடும் பாருங்கள், கண் அதன் பின்னாலேயே ஓடிக் களைத்துப்போகும். நாலுக்கும் பட்டப்பெயர் உண்டு. இருப்பதிலேயே பருமனானது பெரியவர். சாப்பாடு வைத்த பிறகு மட்டும் கல்லடியிலிருந்து வெளியே வந்து, ஒரு சுற்றுப் பார்வையிட்டுவிட்டு உள்ளே போய்விடுவது மேனேஜர். சாப்பிட்டு முடித்ததும் மீசையை அரை மணி நேரம் துடைத்துக்கொண்டே இருப்பது சின்னம்மா. நாலாவது சண்டியர். சண்டியருக்குக் கோபம் வந்தால் பின்பக்கத்திலிருந்து புளித்த நெடியோடு எதையோ பீய்ச்சும், பட்ட இடம் எரியும், தோல் பழுப்பாகும். வண்டுக்காரனின் வலது கட்டைவிரலில் அப்படி ஒரு கறை இருக்கிறது. "சண்டியர் கையெழுத்து போட்டிருக்கார்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் நீட்டிக் காட்டுவான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இவனுக்குக் கறுப்பாக நாலு.

முதல் வண்டு வீட்டுக்கு வந்தது டிபன்பாக்ஸில். வேலை முடிந்து வந்தவன் டிபன்பாக்ஸை மேடைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனான். அக்கா வழக்கம்போல அதைக் கழுவலாம் என்று திறந்தாள். கத்தவில்லை அவள். மூடினாள், மூடிமேல் அம்மிக்கல் கனத்துக்கு எதையோ தேடி, கடைசியில் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்தாள், அப்புறம் தம்பியைக் கூப்பிட்டாள்.

"என்னடா இது?"

"வண்டுக்கா."

"அரிசியில இருக்குமே, அதுவா?"

"அது இதுக்குக் கொள்ளுப்பேத்தி முறை ஆகணும். இது பெரிய இடம்."

"பெரிய இடமோ சின்ன இடமோ, இனிமே உன் டிபன்பாக்ஸை நீயே கழுவு. உன் பெரிய இடம் மாடிப்படி தாண்டி ஒரு படி கீழ வந்துச்சு, நான் துடைப்பத்தை எடுத்துடுவேன்."

அன்றிலிருந்து டிபன்பாக்ஸை அவனே கழுவுகிறான். வண்டுகளும் படி தாண்டியதில்லை. அக்கா சொன்னால் சொன்னதுதான்.

லிப்ட் வேலையில் முதல்நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்றுதான்: கதவைத் திறப்பதற்கு முன்னால் 'பழுது' என்று எழுதின பலகையை மாட்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை பார்த்தவன் ஒரு நாள் பலகை மாட்டாமல் கதவைத் திறந்துவிட்டான். செய்தித்தாள் படித்துக்கொண்டே வந்த ஒரு பெரிய மனிதர் காலைத் தூக்கி வைக்கப் போனார், லிப்ட் அங்கே இல்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது நம் ஆள்தான். அன்றைக்குப் பிடித்த பயம் இன்றைக்கும் விடவில்லை. எதற்கும் முதலில் பலகை. வீட்டில் ஒரு பழைய மின்விசிறியை விற்கப் போனான். வாங்க வந்தவன் வாயைத் திறக்குமுன் "மூணாம் நம்பர்ல வெச்சா ஆடும்" என்றான். வந்தவன் வந்த வழியே போனான். இப்படி மூன்று பேர். நுணலும் தன் வாயால் கெடும் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அந்த விசிறிதான் இப்போது மாடி அறையில் ஆடிக்கொண்டிருக்கிறது.

ஊர் எல்லையில் ஒரு தானிய குடோன், நாலு மாடி. மூட்டை ஏற்றி இறக்க ஒரு பெரிய லிப்ட். எந்த லிப்டுக்கும் அடியில் ஒரு குழி இருக்கும், இங்கே ஆள் உயரத்துக்கு. சாக்கு நூல், சிந்தின தானியம், கிரீஸ், உடைந்த சீப்பு, ஒற்றைச் செருப்பு, எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். மழைக்காலத்தில் வெளியிலிருந்து வண்டு வரும், வழுக்கி உள்ளே விழும், சிமெண்ட் சுவரில் ஏற முடியாமல் அங்கேயே குடித்தனம் நடத்தும். முன்பிருந்த மெக்கானிக் மண்ணெண்ணெய் ஊற்றிக் கூட்டிப் போட்டுவிடுவாராம். வண்டுக்காரன் முதல் தடவை டார்ச்சோடு இறங்கியபோது, பெரியவர் ஒரு கரப்பானைக் காலடியில் அமுக்கிக்கொண்டு நின்றிருந்தார். வெளிச்சம் பட்டதும் ஓடவில்லை. கரப்பானை விடவும் இல்லை. 'சாப்பிடற நேரத்துல யாரு' என்கிற மாதிரி ஒரு நிமிர்வு. அவ்வளவுதான், ஆள் சாய்ந்துவிட்டான். டூல்பாக்ஸ்மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே மூட்டைக்காரர்கள் லிப்ட் எங்கே என்று கூச்சல் போட்ட பிறகுதான் நினைவு வந்து, டிபன்பாக்ஸைத் திறந்தான். மற்ற மூன்றும் அதே குழியிலிருந்து வந்தவைதான், போன மழையில் ஒன்று, இந்த மழையில் இரண்டு.

அந்தக் குடோனின் மூன்றாம் மாடியில்தான் சல்லடை மேடம் இருந்தாள்.

வருகிற ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கம்பியைக் குத்தி ஒரு கை தானியம் எடுப்பாள், சலிப்பாள், வெள்ளைத் தட்டில் கொட்டிப் பூச்சி எண்ணுவாள். இத்தனைக்கு மேல் இருந்தால் மூட்டை திரும்பிப் போகும். பதினான்கு வருஷமாக அதே வேலை. ஆக, அவள் பிழைப்பும் வண்டோடுதான், ஆனால் அவளுடையது எள்ளளவு அரிசி வண்டு, அவளுக்கு ஜென்ம விரோதி. சரக்குக்காரர்கள் வந்து சத்தம் போடுவார்கள், கெஞ்சுவார்கள், குடோன் மேனேஜரைத் தெரியும் என்பார்கள். அவள் குரலை உயர்த்தவே மாட்டாள். தட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, "நீங்களே எண்ணிக்கங்க" என்பாள். வண்டுக்காரன் இதை ஒரு நாள் லிப்ட் கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே பார்த்தான். விட்ட எண்ணெய் வழிந்து அவன் செருப்பில் இறங்கியது, அதுகூடத் தெரியவில்லை.

அந்த லிப்டை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். அவன் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போக ஆரம்பித்தான். ஊரிலேயே அவ்வளவு சீராட்டப்பட்ட லிப்ட் வேறு இருந்திருக்காது. ஒரு நாள் அவளே கேட்டாள்.

"மெக்கானிக், உடம்பு சரியில்லாதது லிப்டுக்கா, உங்களுக்கா?"

"தேய்மானம் பார்க்கறேன் மேடம்."

"லிப்ட் தேயறதுக்குள்ள உங்க செருப்பு தேஞ்சுடும் போலிருக்கே."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவன் பத்து நாள் ஓட்டினான்.

தரைத்தளத்தில் லிப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் குடோனில் கண்ட குறைகளை எழுதின தாள்கள் குத்தியிருக்கும், குறைத்தாள் என்று பேர். எழுதுவது சல்லடை மேடம்தான். நாலு கட்டம்: என்ன, எங்கே, காரணம், நடவடிக்கை. கொஞ்ச நாளாக ஒரே குறை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. 'என்ன: கரப்பான் பெருக்கம். எங்கே: தரைத்தளம், லிப்டுக்குப் போகும் வழி. காரணம்: தெரியவில்லை.' நடவடிக்கைக் கட்டம் காலி. வண்டுக்காரன் ஒவ்வொரு தாளையும் நின்று நிதானமாகப் பார்ப்பான். 'ழி' போடும்போது அவள் வாலைக் கொஞ்சம் நீட்டிவிடுவாள், அது அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். கையெழுத்தை ரசித்தானே தவிர எழுதியிருந்தது மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் போய் நின்றான். ஒரு சட்டையை எடுத்து மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"என்னடா, அஞ்சாவது வண்டா?"

"இல்லக்கா. ஒரு மேடம்."

அக்கா மடித்த துணியைக் கீழே போட்டாள். மூன்றே நாளில் விவரமெல்லாம் திரட்டிவிட்டாள். அம்மா இல்லை, அப்பா மட்டும்தான், முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்தவர், அவர் நேரடியாகப் பையனோடு போனில் பேசிப் பார்க்கிறேன் என்கிறார். நம்பரைக் கொடுக்குமுன் அக்கா அவனை உட்காரவைத்தாள்.

"வண்டுப் பேச்சை எடுக்காத. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. உன்ன நான் ஒரு பொய்கூடச் சொல்லச் சொல்லல. வாயை மூடிட்டு இருன்னுதான் சொல்றேன்."

"பலகை மாட்டாம கதவைத் தொறக்கக் கூடாதுக்கா."

"இது லிப்ட் இல்லடா. கல்யாணம்."

"ரெண்டுலயும் தெரியாம விழுந்தா அடி பலமாத்தான் இருக்கும்."

போன் வந்தபோது அவன் பன்னிரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சியில், லிப்ட் மோட்டார் ஓடும் அறையில் இருந்தான். இந்தப் பக்கம் மோட்டார் உறுமல். அந்தப் பக்கம், முப்பது வருஷம் இன்ஜின் சத்தத்தில் பாதி போய்விட்ட காது. இடையில் நம் ஆளின் நேர்மை. இது மூன்றும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும்?

"ஐயா, எதுக்கும் முன்னாடி ஒரு விஷயம் சொல்லிடறேன். என்கிட்ட நாலு வண்டு இருக்கு."

"நாலு வண்டியா?" லாரிக்கார அப்பாவின் குரல் நிமிர்ந்தது. "சொல்லவே இல்லையே தம்பி உங்க அக்கா. நல்ல விஷயம்தானே."

வண்டுக்காரனுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட இதை நல்ல விஷயம் என்று சொன்னதில்லை.

"எல்லாம் ஆறா, பத்தா?"

அவர் கேட்டது சக்கரத்தை, கால் எத்தனை என்று கேட்கிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான், எவ்வளவு விவரமான மனிதர். "ஆறுதாங்க. அதுக்கு மேல போனா அது வேற இனம்."

"ஆமாமா, அதுக்கு லைசென்ஸே வேற. எங்க புடிச்சீங்க?"

"நாலும் ஒரே இடத்துலதாங்க. ரெண்டு வருஷத்துல ஒண்ணொண்ணா. எல்லாம் கறுப்பு, வெள்ளைப் புள்ளி."

"ஒரே கலர்ல நாலு. கம்பெனி மாதிரி வெச்சிருக்கீங்க. தீனிச் செலவு?" லாரிக்காரர்கள் டீசலைத் தீனி என்பார்கள்.

"வாரத்துக்கு ரெண்டு தரம் போட்டா போதுங்க."

"பரவால்லையே. வெளிய வாடகைக்கு விடறதுண்டா?"

"சேச்சே. இன்னொருத்தர் கை பட்டா ஒத்துக்காதுங்க. என் கட்டைவிரலே ஒரு தடவை வெந்துபோச்சு."

"ரேடியேட்டரைத் தொறந்தீங்களா? எனக்கும் இதே கைதான் தம்பி." லாரிக்காரர் உருகிவிட்டார். "வண்டியை அடுத்தவன் கையில குடுக்காதவன் பெண்டாட்டியை நல்லா வெச்சுக்குவான். ஞாயித்துக்கிழமை வர்றோம். முதல்ல உங்க நாலையும்தான் பார்க்கணும்."

லாரிக்காரர் ஏனோதானோ என்று விசாரிக்கிறவரும் இல்லை. ஒரு நாள் தெருமுனை டீக்கடைக்கே வந்து மெக்கானிக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறார். "நம்ம வண்டுக்காரரா? தங்கமான மனுஷன்" என்றாராம் கடைக்காரர். வண்டிக்காரர் என்று கேட்டுக்கொண்டு, இரட்டிப்புத் திருப்தியோடு இரண்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

"வண்டுன்னு சொன்னியா? வாயால சொன்னியா? ஒத்துக்கிட்டாங்களா?" என்று அக்கா நாலு தடவை கேட்டாள். ஒத்துக்கொண்டது மட்டுமில்லை, பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்றதும் அவளுக்கே வண்டுகள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. மாடிக்குப் போய் முதன்முறையாக நாலு பெட்டிக் கண்ணாடியையும் துடைத்தாள். "இது ஏன் மூஞ்சியத் துடைச்சுக்கிட்டே இருக்கு?" என்று சின்னம்மாவைப் பார்த்துக் கேட்டாள். "விருந்தாளி வர்றாங்கல்ல" என்றான் தம்பி.

எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்தால், வியாழக்கிழமை குடோனில் சல்லடை மேடம் நிமிர்ந்தே பார்க்கவில்லை. செருப்பைப் பற்றி ஒரு கிண்டல் இல்லை. அவன் லிப்ட் கதவை மூன்று தடவை திறந்து மூடினான். சல்லடை ஆடுவது நிற்கவில்லை. கடைசியில் அவளே, தட்டைப் பார்த்தபடி, "ஞாயித்துக்கிழமை அப்பாகூட வர்றேன். ஒண்ணு சொல்லணும், நேர்லயே சொல்லிடறேன்" என்றாள். அது நல்ல செய்தி சொல்லப்போகிற குரல் இல்லை. வண்டு விஷயம் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது, மகளுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டினான். அவளை வேண்டாம் என்று நினைக்க முடியவில்லை, வண்டுகளை எங்கே கொண்டுபோய் விடுவது என்றும் தெரியவில்லை. மூன்று நாளும் சாப்பாடு இறங்கவில்லை. சண்டியரிடம்கூட, "உன்னாலதாண்டா எல்லாம்" என்று ஒரு தடவை கோபித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாவும் மகளும் வந்தார்கள். லாரிக்காரர் வாசலிலேயே நின்று தெருவை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பார்த்தார். பக்கத்துச் சந்துக்குள்ளேயும் எட்டிப் பார்த்தார். மேடம் வெளிர் நீலத்தில் உடுத்தியிருந்தாள், முகத்தில் சிரிப்பு இல்லை. டீ கொடுத்தார்கள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள். லாரிக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"சரி தம்பி, பார்த்துடலாமா?"

"பார்க்கலாங்கய்யா. மேலதான் இருக்கு."

"மேலயா?" லாரிக்காரர் கூரையைப் பார்த்தார். "மாடியிலயா நிறுத்தியிருக்கீங்க?"

"என் ரூம்லதாங்க. வாங்க."

நாலு பேரும் படியேறினார்கள். வண்டுக்காரன் பெட்டிகளுக்கு முன்னால் போய் நின்று, காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்ததைச் சொன்னான். "இவர் பெரியவர். இது மேனேஜர், இப்ப வெளிய வரமாட்டார். இது சின்னம்மா. இது சண்டியர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மின்விசிறி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் குனிந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். அப்புறம் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். ஜன்னல் வழியாகவும் ஒரு தடவை பார்த்தார்.

"தம்பி, வண்டி எங்க?"

"எந்த வண்டிங்க?"

"நாலு வண்டி. ஆறு சக்கரம். கறுப்பு."

வண்டுக்காரனுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரே நொடியில் எல்லாம் விளங்கியது. அக்காவுக்கு அதற்கும் அரை நொடி முன்னால் விளங்கிவிட்டது, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, நான் சொன்னது வண்டு. டு. இதுதாங்க அது. ஆறுன்னது கால்."

ஒரு சுழி மாறினதில் நாலு லாரி போய்விட்டது மேடத்தின் அப்பாவுக்கு. பாவம், மனிதர் வழியெல்லாம் மகளிடம் டயர் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்திருக்கிறார். "கறுப்புல வெள்ளைப் புள்ளி" என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "வாம்மா, போலாம்" என்றார்.

மேடம் நகரவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவளின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அக்கா பதறிப் பக்கத்தில் போனாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தம் வராமல், மூச்சு முட்டும் அளவுக்கு.

"அப்ப வண்டி இல்லையா? ஒண்ணுகூட?"

"ஒரு சைக்கிள் இருக்கு மேடம்" என்றான் வண்டுக்காரன், பலகை மாட்டும் வழக்கப்படி. "பின் பிரேக் பிடிக்காது."

"அப்பா, நீங்க உட்காருங்க. நான் சொல்ல வந்ததைச் சொல்லிடறேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாசத்துல நாலு நாள்தான் எங்க வீட்டுல அப்பா இருப்பார். மீதி நாள் அம்மா வாசல்லயே நின்னா. ஹாரன் சத்தம் கேட்டா ஓடுவா. வண்டிக்காரனை மட்டும் கட்டிக்க மாட்டேன்னு பன்னிரண்டு வயசுல முடிவு பண்ணினேன். மெக்கானிக்னு அப்பா சொன்னப்ப எனக்கு..." நிறுத்தினாள். "சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நாலு வண்டின்னதும் போச்சுன்னு நெனைச்சேன். வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்."

லாரிக்காரர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மகள் இதை அவரிடம் இதுவரை சொன்னதில்லை போலிருக்கிறது. "உங்கம்மாகிட்டயும் நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கணும்" என்று மெல்லச் சொன்னார்.

வண்டுக்காரனுக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நிலைத்து நிற்பதற்குள் மேடம் பெட்டிப் பக்கம் குனிந்தாள். பதினான்கு வருஷம் பூச்சி பார்த்த கண். மண்ணைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், பெரியவரின் பின்னங்காலில் சுற்றியிருந்த ஒரு நூலைப் பார்த்தாள். சாக்கு நூல், அதுவும் பச்சைச் சாயம் போட்டது. ஒரே ஒரு குடோன் மூட்டையைத்தான் அந்த நூலால் தைப்பார்கள்.

"இதையெல்லாம் எங்க புடிச்சீங்க?"

அக்கா பின்னாலிருந்து கண்ணாலேயே கெஞ்சினாள். தெருவில் பிடித்தேன், தோட்டத்தில் பிடித்தேன், எத்தனையோ பதில் இருக்கிறது உலகத்தில். அந்த நொடியில்தான் அவன் மண்டையில் குறைத்தாள் ஏறியது. ஒவ்வொரு தாளும் வரிசையாக, அவள் கையெழுத்தில், வால் நீண்ட 'ழி'யோடு. வாயைத் திறந்தால் எல்லாம் போகும். திறக்காவிட்டால் பலகை மாட்டாத கதவு.

"உங்க குடோன்ல மேடம். லிப்ட் குழியில. நாலும்."

"எப்ப?"

"பெரியவர் போன வருஷத்துக்கு முந்தின மழையில. மேனேஜர் போன மழை. மீதி ரெண்டும் இந்த மழை. இந்த ரெண்டையும் எடுத்ததுக்கு அப்புறம்தான் நீங்க கரப்பான் தாள் எழுத ஆரம்பிச்சீங்க. இப்பத்தான் எனக்கே உறைக்குது."

மேடம் நிமிர்ந்தாள். சரக்குக்காரர்களைப் பார்க்கிற அதே முகம்.

"ஏழு தாள் எழுதியிருக்கேன். ஏழுலயும் காரணம் தெரியவில்லை. பதினாலு வருஷத்துல காரணம் தெரியாம நான் ஒரு தாள் எழுதினதில்ல. குடோன் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, 'என்னம்மா, கண்ணு மங்கிப்போச்சா'ன்னு கேட்டார். மூணு தடவை மருந்து அடிச்சாங்க. ஒவ்வொரு தாளையும் நீங்க நின்னு படிச்சுட்டுத்தானே போனீங்க?"

"படிக்கல மேடம். கையெழுத்தைத்தான் பார்த்தேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. காது இரண்டும் சிவந்துபோனது. அக்கா கூரையைப் பார்த்தாள்.

உண்மையைச் சொன்னால், ஒரு குடோன் கரப்பானைத் தின்று தீர்க்கிற வேலை நாலு வண்டால் ஆகக்கூடியதா? மழை, சிந்தின தானியம், அடைத்துக்கொண்ட சாக்கடை என்று நூறு காரணம் இருக்கலாம். வண்டுக்காரனுக்கு அது தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அதை எடுத்துச் சொல்லி வாதாடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தான். டிபன்பாக்ஸை எடுத்து அதில் கொஞ்சம் மண் போட்டான்.

"நாளைக்கே நாலையும் கொண்டுவந்து விட்டுடறேன் மேடம். மன்னிச்சுக்கங்க." பெரியவரைக் கையில் எடுத்தான். வண்டு அவன் உள்ளங்கையில் சண்டை போடாமல் நின்றது.

மேடம் அவன் கையையும் அந்தக் கறைபட்ட கட்டைவிரலையும் பார்த்தாள்.

"இது அரிசியைத் தொடுமா?"

"பட்டினி கிடந்தாலும் தொடாது மேடம். சுத்த அசைவம்."

"அப்ப எங்களுக்குள்ள சண்டை இல்ல." டிபன்பாக்ஸை அவன் கையிலிருந்து வாங்கி மூடிக் கட்டில்மேல் வைத்தாள். "ரெண்டு போதும் குழிக்கு. சண்டியரையும் மேனேஜரையும் கொண்டு வாங்க. இவங்க ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும்."

கட்டிலில் இருந்த லாரிக்காரர் தொண்டையைக் கனைத்தார். "தம்பி, இது ஓடுமா? ஓட்டிக் காட்டுங்க பார்ப்போம்."

கையில் இருந்த வண்டைத் தரையில் விட்டான். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு அது பாய்ந்தது, அக்காவின் கால் விரலுக்கு முன்னால் சட்டென்று நின்றது. அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், ஆனால் காலை எடுக்கவில்லை, துடைப்பமும் கேட்கவில்லை. "பிரேக் அருமை" என்றார் லாரிக்காரர். "இருந்தாலும் ஒரு வண்டி இருந்திருக்கலாம்" என்றும் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை டிபன்பாக்ஸோடு வண்டுக்காரன் குடோனுக்குப் போனான். லிப்ட் கதவில் 'பழுது' பலகையை மாட்டினான், குழியில் இறங்கினான், மேனேஜரை விட்டான், சண்டியரை விட்டான். சண்டியர் போகிற போக்கில் இடது கட்டைவிரலிலும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எரிகிற விரலை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே மேலே ஏறி வந்தவன், வழக்கம்போல குறைத்தாள் பலகைக்கு முன்னால் நின்றான். பழைய ஏழு தாளும் போய், புதிதாக ஒன்று குத்தியிருந்தது. இந்த முறை கையெழுத்தை மட்டும் பார்க்கவில்லை, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான்.

'என்ன: கரப்பான் பெருக்கம். எங்கே: தரைத்தளம், லிப்ட் குழி ஓரம். காரணம்: லிப்ட் மெக்கானிக். நடவடிக்கை: என் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறேன்.'

'குழி'யில் வால் நன்றாகவே நீண்டிருந்தது.